பழத்தோல் வகை: பாவாணர் பட்டியலும் டச்சுச் சொல்லும்

தேவநேயப் பாவாணரின் (1902–1981) ‘தமிழ்ச்சொல் வளம்’ கட்டுரை பத்தாம் வகுப்புப் பாடநூல் வழியாக மாணவர்களுக்கு அறிமுகமானது. அதில் ‘பழத்தோல் வகை’ என்னும் பகுதி தொலி, தோல், தோடு, ஓடு, குடுக்கை, மட்டை, உமி, கொம்மை ஆகிய எட்டுச் சொற்களைத் தருகிறது. முதல் நான்கும் மென்மையிலிருந்து வன்மைக்கு ஏறும் வரிசை.

மனப்பாடத்துக்கு ஏற்ற வரிசைதான். ஆனால் சொல் பிறந்த வழியை அது மறைத்துவிடுகிறது. ‘தொலித்தல்’ என்றால் உமி நீக்குதல். ‘உரி’ என்பது தோலுக்குப் பெயர், ‘உரித்தல்’ அதை அகற்றுவது. மூடியிருக்கும் பொருளுக்கும் அதை நீக்கும் செயலுக்கும் ஒரே அடிச்சொல். டச்சு மொழியிலும் இதே நிலை காணப்படுகிறது. பழம், உருளைக்கிழங்கு ஆகியவற்றின் தோல் ‘ஸ்ஹில்’. தோல் சீவுவது ‘ஸ்ஹில்லன்’. பிளத்தல் என்னும் பொருளுள்ள பழைய வேரிலிருந்து இச்சொல் வந்தது. ஆங்கில ‘ஷெல்’லும் அதே குடும்பம். முட்டையோட்டுக்கு ‘ஸ்ஹால்’, கொட்டையின் ஓட்டுக்கு ‘டொப்’, கடற்சிப்பிக்கு ‘ஸ்ஹெல்ப்’ என்று டச்சிலும் பாகுபாடு உண்டு. ஆகவே இத்தகைய நுட்பம் தமிழுக்கு மட்டுமே உரியது என்று வகுப்பறையில் சொல்லப்படுவது பொருந்தாது.

1658இல் தூத்துக்குடியைக் கைப்பற்றிய டச்சுக்காரர்கள் முத்தும் சங்கும் தேடியவர்கள். அவர்களுடைய ‘துட்டு’ தமிழில் தங்கியது, ‘ஸ்ஹெல்ப்’ வரவில்லை. கரையில் சிப்பி, ஓடு என்ற சொற்கள் முன்பே இருந்தன. வருவதற்குத் தேவையும் இல்லை.

பட்டியலின் பெருங்குறை அதன் தலைப்பு. ‘பழத்தோல்’ என்றதும் ‘ஓடு’ விளாம்பழத்தோடு நின்றுவிடுகிறது. நண்டு, ஆமை, முட்டை, மண்டை எல்லாம் வெளியே. ‘தோடு’ பனையோலைக்கும் பெயர்; ஓலைச்சுருளைக் காதில் அணிந்த வழக்கத்தால் காதணிக்கும் ஆயிற்று. இதைப் பாடம் தொடுவதில்லை.

சாத்தான்குளத்தின் தேரிக்காட்டுப் பனையை எடுத்துக்கொண்டால் பட்டியல் இன்னும் நீளும். பாளை, மட்டை, மட்டையின் அடியில் வலைபோல் சுற்றியிருக்கும் பன்னாடை. பதநீர் வடிகட்டவும் பயன்பட்ட அந்த உறையைத்தான் நன்னூல் ‘நெய்யரி’ என்று கடைமாணாக்கருக்கு உவமையாக்குகிறது என்பர். நெய்யை விட்டுவிட்டுக் கசடைப் பிடித்துக்கொள்வதால். இன்றைய வசைச்சொல்லும் அதுவே.