பண்டைய சீன ஜேட் அணிகள்: அறமும் அதிகாரமும்

பண்டைய சீனாவின் ஜேட் அணிகளைப் பற்றிய விளக்கங்கள் பெரும்பாலும் கன்பூசியஸிடமிருந்தே (கி.மு. 551–479) தொடங்குகின்றன. 'லீ சி' என்னும் சடங்கு நூல், அவர் இக்கல்லின் இயல்புகளைச் சான்றோரின் பண்புகளோடு ஒப்பிட்டதாகக் கூறுகிறது. இதன் இதமான பளபளப்பு அன்பையும், விளிம்பு இருந்தும் காயப்படுத்தாத தன்மை நேர்மையையும் குறிக்கும் என்பது அவ்வொப்பீடு. இவ்விளக்கம் அழகானது. ஆயினும் எல்லாக் காலத்து அணிகளுக்கும் இதையே பொருத்திப் பார்ப்பது பிழையாகும்.

இன்றைய செஜியாங் மாகாணத்தில் லியாங்சூ பண்பாடு ஏறத்தாழ கி.மு. 3300 முதல் 2300 வரை நிலவியது. அங்குள்ள ஃபான்ஷான் இடுகாடு 1986இல் அகழப்பட்டபோது, 12ஆம் எண் கல்லறையில் 'சோங்' எனப்படும் ஜேட் பொருள் ஒன்று கிடைத்தது. வெளியே சதுரமும் உள்ளே வட்டத் துளையும் கொண்ட இதன் உயரம் 8.9 செ.மீ.; எடை சுமார் 6.5 கி.கி. இறகு முடி தரித்த மனித உருவமும், பெருங்கண் கொண்ட விலங்கு முகமும் இதில் மிக நுண்ணிய கோடுகளால் பொறிக்கப்பட்டுள்ளன.

நெஃப்ரைட் வகை ஜேட் கல்லை உளியால் செதுக்க இயலாது. கடினமான மணலை இட்டுத் தேய்த்தே அறுக்கவும் துளையிடவும் வேண்டும். எனவே ஒவ்வொரு பொருளும் நீண்ட உழைப்பைக் கோரியது. இத்தகைய பொருள்கள் ஒரு சில கல்லறைகளிலேயே குவிந்து கிடந்தன. இது அறத்தைவிட, பிறர் உழைப்பின் மீது சிலர் பெற்றிருந்த அதிகாரத்தையே தெளிவாகக் காட்டுகிறது.

வட்டமான 'பி' வானத்துக்கும், சதுரமான 'சோங்' நிலத்துக்கும் உரியவை என்னும் பரவலான விளக்கம் 'சௌ லி' நூலைச் சார்ந்தது. அந்நூலோ லியாங்சூ மறைந்து நெடுங்காலத்துக்குப் பின் தொகுக்கப்பட்டது. 18ஆம் நூற்றாண்டில் சியான்லோங் பேரரசர் பல பழைய ஜேட் பொருள்களில் தம் கவிதைகளைப் பொறிக்கச் செய்தார். பிற்காலத்தின் சொற்கள் பழைய பொருளின் மீது ஏறி அமர்வதற்கு இது நேரடிச் சான்றாகும்.

சௌ வம்சக் காலத்தில் நிலை மாறியது. பிறை வடிவத் துண்டுகளும் மணிகளும் கோத்த தொங்கணிகள் நடக்கும்போது ஒலித்தன. அணிந்தவரின் நடையை அவை நெறிப்படுத்தின. ஒழுக்க விளக்கம் இங்கு இயல்பாகப் பொருந்துகிறது. எனினும் அணி தகுதிநிலையையும் காட்டியது. 1978இல் ஹூபெய் மாகாணத்தில் அகழப்பட்ட செங் நாட்டுக் கோமான் யீயின் கல்லறையில் கிடைத்த 16 இணைப்புகள் கொண்ட தொங்கணி, ஏறத்தாழ 48 செ.மீ. நீளமுடையது. அத்தகைய அணி எளியோருக்கு எட்டாதது.

ஹான் காலத்தில் நம்பிக்கை மேலும் நகர்ந்தது. மான்செங்கில் 1968இல் கிடைத்த இளவரசர் லியூ ஷெங்கின் (இறப்பு கி.மு. 113) ஜேட் உடை, 2,498 துண்டுகளைப் பொன் கம்பியால் இணைத்துச் செய்யப்பட்டது. உடலை அழியாமல் காக்கும் என்று நம்பப்பட்ட அவ்வுடை நிலைத்தது, உடல் நிலைக்கவில்லை.

ஆகவே ஜேட் அணிக்கு என்றும் மாறாத ஒரே பொருள் இல்லை. அது எக்காலத்தது, எவருடைய கல்லறையில் கிடைத்தது, எவ்வளவு உழைப்பில் உருவானது என்பவற்றை முதலில் அறிந்து, பின்னரே பிற்கால நூல்களின் விளக்கத்தை நாடுவது முறையாகும்.