நீர்யானை சிரிப்பதில்லை

2024 ஜூலை 10ஆம் திகதி தாய்லாந்தின் காவ் கெயோ மிருகக்காட்சிசாலையில் மூ டெங் என்ற குள்ள நீர்யானைக் குட்டி பிறந்தது. சில வாரங்களில் உலகமே அதன் படத்தைப் பார்த்துவிட்டது. அந்த மோகம் நம் முன்பள்ளிகளுக்கும் வந்திருக்கிறது. அச்சடித்த ஒரு கோட்டுப்படம், கீழே ஐந்தாறு தகவல்கள், பக்கத்தில் ஒரு பெட்டி கிரையோன். திருகோணமலையில் குச்சவெளி தாண்டித் திரியாய் வரை இந்தத் தாளைக் காணலாம். “சின்னப் பிள்ளைகள்தானே, முதலில் விலங்கை விரும்பட்டும், விளக்கமெல்லாம் பிறகு வரும்” என்று இதற்கு நியாயம் சொல்கிறார்கள். நான் மறுப்பது அந்த நியாயத்தைத்தான்.

நிறந்தீட்டினால் பிஞ்சு விரலுக்குப் பிடிமானம் வரும். சொற்ப ஊதியத்தில் வகுப்பு முழுவதையும் தனியே மேய்க்கும் ஆசிரியைக்கு அரை மணி நேரம் மூச்சு விட முடியும். தெஹிவளை மிருகக்காட்சிசாலைக்குப் போக வசதியில்லாத பிள்ளைக்குப் படமாவது கிடைக்கும். இவற்றில் எனக்கு மறுப்பில்லை.

ஆனால் தாளை ஒருமுறை நின்று பாருங்கள். என் முன்னால் ஒன்று கிடக்கிறது. உருண்டை வயிறு, நீண்ட கண்ணிமை, காதோரம் ஒரு பூ. அகலத் திறந்த வாயில் ஒரு சிரிப்பு, கீழ்த்தாடையில் கட்டையாக இரண்டு பற்கள். அதன் கீழே, “நீர்யானையின் கோரைப்பல் 50 சென்ரிமீற்றர் வரை வளரும்” என்று எழுதியிருக்கிறது. எந்தப் பல்? படத்தில் அது இல்லை. நீர்யானை வாயைப் பிளப்பது பெரும்பாலும் எச்சரிக்கை. ‘கிட்ட வராதே, இதோ என் பல்’ என்று அது காட்டும் நேரம் அது. ஆபிரிக்காவில் ஆற்றில் தோணி விடுகிறவர்கள் அந்த வாயைக் கண்டால் திசை மாற்றுவார்கள். நம் பிள்ளையோ அதைச் சிரிப்பென்று நம்பி ரோஸ் நிறம் பூசுகிறாள். விலங்கின் உடல் சொல்லும் முக்கியமான செய்தியையே இந்தத் தாள் தலைகீழாகக் கற்பித்துவிட்டது.

தகவல்களின் நிலைமையும் இதுதான். ‘பகலில் நீரில் இருக்கும்’, ‘இரவில் புல் மேயும்’, ‘ஓரிரவில் 40 கிலோ வரை தின்னும்’ என்று ஒன்றோடொன்று ஒட்டாத வரிகள். உண்மையில் இவை ஒரே கதை. நீர்யானையின் மேற்றோல் மெல்லியது. வெயிலில் நின்றால் உடலின் நீர் வேகமாக வற்றிவிடும். அதனால் பகல் முழுவதும் ஆற்றில் கிடக்கிறது, வெயில் போனபின்தான் கரையேறி மேய்கிறது. புல்லை அது உதடுகளால் பிடுங்குகிறது. அப்படியானால் இவ்வளவு பெரிய கோரைப்பல் எதற்கு? இன்னொரு நீர்யானையோடு சண்டை பிடிக்க. இந்தக் கதையை ஐந்து வயதுப் பிள்ளைக்குச் சொல்லிப் பாருங்கள். குளத்துச் சேற்றில் எருமை கிடப்பதைத் தினமும் பார்க்கும் திரியாய்ப் பிள்ளை, “எருமைக்கும் வெயில் ஆகாதா?” என்று உடனே கேட்கும். பட்டியலாகத் தரும் தகவலில் இப்படி ஒரு கேள்வி பிறக்காது.

நிறத்துக்கு வருவோம். தாளின் ஓரத்தில் ‘சாம்பல்’ என்று குறித்திருக்கிறார்கள். சிவப்பை எடுத்த பிள்ளையின் கையைத் திருத்துவதைக் கண்டிருக்கிறேன். நீர்யானையின் தோலில் ஒரு கசிவு சுரக்கிறது. முதலில் நிறமற்றிருக்கும் அது சில நிமிடங்களில் சிவந்து, பிறகு பழுப்பாகும். சூரியனின் புறஊதாக் கதிர்களைத் தடுப்பதும் கிருமிகளை அடக்குவதும் அதன் வேலை என்று ஜப்பானிய ஆய்வாளர்கள் 2004இல் காட்டினார்கள். சிவப்பு பூசிய பிள்ளையிடம் ஆசிரியை சொல்ல எவ்வளவு இருந்தது! அச்சடித்த கோடு முதலில் பிள்ளையின் பார்வையைப் பறிக்கிறது, பிறகு கேள்வியைப் பறிக்கிறது. கோட்டுக்கு வெளியே போகாமல் பூசுவதுதான் திறமை என்று சொல்லிக் கொடுத்துவிட்டு, அதை விலங்கறிவு என்று அழைப்பதை என்னால் ஏற்க முடியாது.

‘முதலில் விருப்பம்’ என்பவர்களுக்கு மூ டெங்கே பதில். அதை விரும்பி வந்த பெரியவர்கள், தூங்கிக்கொண்டிருந்த குட்டியை எழுப்பத் தண்ணீரும் சிப்பிகளும் எறிந்தார்கள். மிருகக்காட்சிசாலை எச்சரிக்கை விட வேண்டியதாயிற்று. குள்ள நீர்யானை மேற்கு ஆபிரிக்கக் காடுகளில் இரவில் நடமாடும் விலங்கு, பகலில் தூங்குவதுதான் அதன் இயல்பு. அவர்களிடம் விருப்பத்துக்குக் குறைவில்லை. விலங்கைப் பார்க்கத் தெரியவில்லை.

திரியாயில் இது வெறும் பாடத்தோடு நிற்கும் விஷயமல்ல. வயலுக்கு யானை வரும் ஊர், குளத்தில் முதலை கிடக்கும் மாவட்டம். இலங்கையில் யானை–மனித மோதலில் அண்மைய ஆண்டுகளில் ஆண்டுக்கு 100 பேருக்கு மேல் இறக்கிறார்கள். எல்லா விலங்கும் சிரிக்கும் என்று கற்ற கண்ணோடு இங்கே ஒரு பிள்ளை வளரக்கூடாது.

இத்தனைக்கும் நீர்யானை நமக்கு அந்நியமானதும் அல்ல. இரத்தினபுரி மாணிக்கச் சுரங்கப் படிவுகளில் அதன் புதைபடிவங்கள் கிடைத்தன. தேசிய நூதனசாலைகளின் பணிப்பாளராக இருந்த பி. ஈ. பி. தெரணியகல அவற்றை ஆராய்ந்து பெயரிட்டார். இந்தத் தீவின் ஆறுகளிலும் ஒரு காலத்தில் நீர்யானை கிடந்தது. குள்ள நீர்யானையை விட்டால், இன்று உயிரோடிருப்பவற்றில் அதன் மிக நெருங்கிய உறவுகள் திமிங்கிலங்களும் ஓங்கில்களும். நீலத் திமிங்கிலத்தைக் கோணேசர் மலையில் நின்றே பார்த்தவர்கள் திருகோணமலையில் இருக்கிறார்கள். நான் கண்ட எந்தத் தாளிலும் இவற்றில் ஒன்றுமில்லை. எந்த நாட்டுக்கோ வரைந்த படம் அப்படியே பிரதியாகி வருகிறது, அவ்வளவுதான்.

முன்பள்ளி ஆசிரியைகளிடம் ஒன்று கேட்கிறேன். பெப்ரவரி 15 உலக நீர்யானை தினம். அன்றைக்கு அச்சுத்தாள் வேண்டாம். வெயில், தோல், ஆறு, இரவு, புல், பல் என்று கதையை ஒழுங்காகச் சொல்லுங்கள். முடிந்தால் ஓர் உண்மையான ஒளிப்படம் காட்டுங்கள். பிறகு வெற்றுத் தாளும் எல்லா நிறங்களும் கொடுத்து, “வாயைத் திறந்து எதற்காக நிற்கிறது?” என்று கேட்டுவிட்டு, பிள்ளைகளை வரைய விடுங்கள்.