அழற்சியும் போர் உவமையும்

நோய் எதிர்ப்பைப் பற்றித் தமிழில் எழுதுவோர் போர்க்களத்தை உவமையாக்குவதில் பெருவிருப்பம் உடையர். கிருமி பகைவன், வெள்ளணு படைவீரன், வெள்ளணுவை ஏவும் புரதம் போர்முரசு. இவ்வுவமை மாணவர் உள்ளத்தில் எளிதிற் பதியும். ஆயினும் உவமையின் அழகு வேறு, பொருத்தம் வேறு. மீனின் குடலைக் கொண்டு இதன் பொருத்தத்தை ஆராயலாம்.

கங்கைச் சமவெளி ஓடைகளில் வாழும் வரிக்குதிரை மீன், இன்று உலகெங்கும் ஆய்வுக்கூடங்களில் வளர்க்கப்படுகின்றது. அதன் குஞ்சின் உடல் கண்ணாடி போன்றது. உள்ளே நிகழ்வதை நுண்ணோக்கியிற் காணலாம். பாக்டீரியாவின் மேலுறையில் உள்ள நச்சுப்பொருள் குடலைத் தாக்கினால், மைடி 88 என்னும் புரதம் அச்செய்தியை உயிரணுவினுள் கடத்தும். டி.என்.எஃப். முதலிய புரதங்கள் சுரந்து வெள்ளணுக்களைத் திரட்டும். இதுவரை போர் உவமை பொருந்துகின்றது.

குறை இனித்தான் தோன்றுகின்றது. அந்நச்சின் கடுமையைத் தணிக்கும் நொதி ஒன்று குடலிலேயே உண்டு. 2007இல் ஓரிகன் பல்கலைக்கழக ஆய்வாளர் இந்நொதியைக் குன்றச் செய்தனர். புதிய கிருமி எதுவும் புகவில்லை. குடலில் வழக்கமாக வாழும் பாக்டீரியாக்களே இருந்தன. எனினும் வெள்ளணுக்கள் அளவின்றித் திரண்டன. மைடி 88ஐயோ டி.என்.எஃப். செய்தியை ஏற்கும் புரதத்தையோ தடுத்தபோது அத்திரட்சி நிகழவில்லை. கெண்டை மீனில் இன்டர்லூகின் 10 என்னும் புரதம் வெள்ளணுக்களின் சீற்றத்தை அடக்குவதை 2015இல் வெளிவந்த ஆய்வொன்று காட்டியது. பகைவன் இல்லாதபோதும் திரளும் படைக்கும், தன் படையையே அடக்கும் முரசுக்கும் போர் உவமையில் இடம் ஏது?

இது சொல்லாராய்ச்சி மட்டுமன்று. போர் உவமையை மட்டுமே கற்ற மாணவன், எதிர்ப்பாற்றலை எவ்வளவு கூட்டினும் நன்றே என்று முடிவு கட்டுவான். அளவு மீறிய எதிர்ப்பு மீனின் குடலையே அரித்துவிடும் என்பதை அவன் அறியான்.

பொருத்தமான உவமையைத் தேடி வெகுதூரம் செல்ல வேண்டுவதில்லை. அழற்சி என்னும் சொல்லிலேயே அழல் இருக்கின்றது. அடுப்பில் அளவோடு எரியும் தீ சோறு ஆக்கும். கூரையில் ஏறினால் வீட்டை எரிக்கும். கிருமி புகுந்த மீனுக்குத் தீ வேண்டும். அதனை மூட்டும் புரதமும் வேண்டும், அவிக்கும் புரதமும் வேண்டும். தொடக்க வகுப்பில் போர் உவமை இருந்துவிட்டுப் போகட்டும். மேல்வகுப்பிலேனும் ஆசிரியர் அச்சொல்லைப் பிரித்துக் காட்டுவாராயின், பாதிப் பாடம் அதிலேயே முடிந்துவிடும்.