ஸ்பாட்டகஸ் நாவலும் நம்மவர் வாசிப்பும்

உரோமப் பேரரசை நடுங்கவைத்த அடிமைக் கிளர்ச்சிகளைப் பற்றி, கிளர்ந்தெழுந்த அடிமை எவனும் எழுதிவைத்த ஒரு வரிதானும் நமக்குக் கிடைக்கவில்லை. கி.மு. 135இல் சிசிலித் தீவின் என்னா என்னும் நகரில் சிரிய அடிமையான யூனஸின் தலைமையில் மூண்ட எழுச்சியை டியோடோரஸ் கூறவே அறிகின்றோம். கி.மு. 73இல் கப்புவா நகரத்து வாட்போர்ப் பள்ளியிலிருந்து எழுபதுக்குச் சற்று மேற்பட்ட தோழருடன் தப்பி, வெசூவியஸ் மலையில் அரண் கொண்ட ஸ்பாட்டகஸை புளூட்டாக்கும் அப்பியனும் அறிமுகப்படுத்துகின்றனர். மூவரும் அடிமையுடைமையை இயல்பெனக் கொண்ட உலகத்தின் எழுத்தாளர்களே. எனினும், உண்மை சில வேளைகளில் அவர்தம் எழுத்தின் இடுக்குகளினூடே கசிந்து வெளிப்படுகின்றது. என்னாவிலே கொடியவனான தமோபிலஸையும் அவன் மனைவியையும் கொன்ற அடிமைகள், தம்மிடம் இரக்கம் காட்டிய அவர்களின் மகளைத் தீண்டாது, பாதுகாப்பாக உறவினரிடம் கொண்டுபோய்ச் சேர்த்தனர் என்பதை டியோடோரஸே பதிவு செய்கின்றார். வெறிகொண்ட கும்பல் என்ற வசைக்கு இதைவிட நல்ல மறுமொழி வேறில்லை.

ஹவாட் பாஸ்ற் எழுதிய 'ஸ்பாட்டகஸ்' நாவலின் சிறப்பு, சான்றுகளின் இந்தக் குறைபாட்டையே தன் உத்தியாக்கிக்கொண்டமையாகும். அமெரிக்கக் காங்கிரசின் விசாரணைக் குழுவுக்குப் பெயர்களைக் கொடுக்க மறுத்தமைக்காக 1950இல் சிறை சென்ற பாஸ்ற், வெளியீட்டாளர் பின்வாங்கியமையால் 1951இல் தாமே இந்நாவலை அச்சிட்டார். கதை தொடங்கும்போது கிளர்ச்சி முடிந்துவிட்டது, நாயகன் இறந்துவிட்டான். உரோமிலிருந்து கப்புவாவுக்குச் செல்லும் அப்பியன் பெருவீதியில், சிலுவைகளில் அறையப்பட்ட 6000 அடிமைகளின் பிணங்களுக்கிடையே செல்வர் வீட்டு இளைஞரும் மகளிரும் உல்லாசப் பயணம் போகின்றனர். பின்னர் ஒரு மாளிகையிலே கூடும் கிராசஸ், கிராக்கஸ், சிசரோ முதலியோரின் நினைவுகளும் உரையாடல்களும் ஸ்பாட்டகஸின் உருவத்தைச் சிறிது சிறிதாக எழுப்புகின்றன. வென்றவர்களால் தாம் வென்றவனை மறக்க முடியவில்லை. பாஸ்ற்றின் இலட்சியவாதம் சிலவிடங்களில் மிகையாகி, ஸ்பாட்டகஸை மாசுமறுவற்ற தேவனாக்கிவிடுகின்றது. அடிமைகளின் பாசறையிலே நிலவிய பிளவுகளை அவர் போதிய அளவு ஆராயவில்லை. கிரிக்சஸ் தன் படையுடன் பிரிந்து சென்று மடிந்ததற்கு இன்னும் ஆழமான விளக்கம் வேண்டும். ஆயினும் ஆண்டைகளின் வாய்மொழியாலேயே ஆண்டைகளைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிய திறன் பாராட்டத்தக்கது.

1960இல் வெளிவந்த திரைப்படம் இந்த உத்தியைக் கைவிட்டது. போர்க்களத்தில் மாண்டவனின் உடல் கண்டுபிடிக்கப்படவில்லை என்பது அப்பியனின் கூற்று. படமோ அவனைச் சிலுவையில் ஏற்றி, காலடியில் மனைவியையும் மகவையும் நிறுத்திக் கண்ணீர் பெருக்குகின்றது. நம்மில் பலர் அறிந்த ஸ்பாட்டகஸ் இப்படத்தின் ஸ்பாட்டகஸே.

யாழ்ப்பாணத்து வாசகர் இந்நாவலை எவ்வாறு வாசிக்கின்றனர் என்பதே இங்கு என் கேள்வி. திரேசியனின் விலங்கு நமக்குத் தெளிவாகத் தெரிகின்றது. ஆனால் ஒல்லாந்தர் காலத்தில் கிளாஸ் ஐசாக்ஸ் தொகுத்து, பன்னிரு முதலியார்கள் பரிசீலித்து ஒப்பிய தேசவழமையில், 1707இலே, அடிமைகளுக்கென ஒரு பகுதி இருப்பதை எத்தனை பேர் நினைவுகூர்கின்றோம்? நம் மண்ணின் நான்கு சாதியினரை அது அடிமைகள் எனப் பெயர் குறித்துச் சொல்கின்றது. ஒருவரின் அடிமை இன்னொருவரின் அடிமைப் பெண்ணை மணந்தால், பிள்ளைகள் பெண்ணின் உடைமையாளருக்கே உரியர் என்கின்றது. சுருவில் அமைந்திருக்கும் தீவுக்கு லைடன் என்று தம் ஊர்ப் பெயரைச் சூட்டிய ஒல்லாந்தர், இவ்வழக்கத்தைத் தாம் உண்டாக்கவில்லை. நம்மவர் வாய்மொழியைக் கேட்டெழுதிச் சட்டமாக்கினர். டியோடோரஸின் நூலைப் போலவே இதுவும் உடைமையாளரின் வாக்குமூலம்.

யாழ்ப்பாணத்தில் ஏன் ஒரு ஸ்பாட்டகஸ் தோன்றவில்லை எனச் சிலர் ஏளனமாகக் கேட்பதுண்டு. வினாவே பிழையானது. உரோமின் அடிமைகளிற் பலர் போரிற் பிடிபட்டவர். அந்நிய மண்ணிலே பெருந்தொகையாய் ஒன்றாக அடைக்கப்பட்டவர். சுதந்திரமாக வாழ்ந்த நாள்களை நினைவிலே சுமந்தவர். இங்கோ ஆண்டையும் அடிமையும் ஒரே மொழி பேசினர். ஒரே கடவுளை வெவ்வேறு தூரங்களில் நின்று வணங்கினர். விலங்கு பிறப்பிலே பூட்டப்பட்டது. இன்னுமொரு வேறுபாடு உண்டு. உரோமிலே முறைப்படி விடுதலை பெற்ற அடிமை குடியுரிமையும் பெறலாம். அவன் பேரன் தன் பாட்டனின் நிலையை மறந்தும்விடலாம். இலங்கையில் அடிமைமுறை 1844இல் சட்டத்தால் ஒழிக்கப்பட்ட பின்னரும், கோயில் வாயிலும் தேநீர்க் கடையும் கிணறும் பூட்டியே கிடந்தன. 1957இல் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் வந்தது, வாயில்கள் திறக்கவில்லை. 1966 ஒக்டோபர் 21இல் சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணம் நோக்கிப் புறப்பட்ட ஊர்வலமும், 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாயிலில் நிகழ்ந்த போராட்டமும் நமது கப்புவாக்கள். மாவிட்டபுரத்திலே வழிமறித்து நின்றவர்களின் முன்னணியில் இருந்தவர் கணிதப் பேராசிரியராக விளங்கிய செ. சுந்தரலிங்கம் என்பதைப் பல்கலைக்கழகத்தார் மறத்தலாகாது.

இந்தப் பின்னணியிலேதான் கே. டானியலின் 'பஞ்சமர்' (1972) முக்கியத்துவம் பெறுகின்றது. கட்டுக்கோப்பிலே அது பாஸ்ற்றின் நாவலுக்கு ஈடாகாது. நிகழ்ச்சிகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிகின்றன. கலைநயம் குறைந்த ஆவணம் என அதனை ஒதுக்குவோரும் உளர். அவர்கள் ஒன்றைக் கவனிக்கத் தவறுகின்றனர். பாஸ்ற் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு அப்பாலிருந்து, ஆண்டைகளின் ஏடுகளைத் தலைகீழாகப் படித்து ஓர் அடிமையை ஊகிக்க நேர்ந்தது. டானியலுக்கு அந்தத் தேவை இருக்கவில்லை. தாம் பிறந்த சமூகத்தின் பேச்சுமொழியிலே, தாமும் பங்குகொண்ட போராட்டத்தை அவர் எழுதினார். புளூட்டாக் ஸ்பாட்டகஸின் மனைவியைக் குறிப்பிடுகின்றார், பெயரைத் தரவில்லை. வரினியா என்ற பெயரை பாஸ்ற் புனைந்தே இட வேண்டியிருந்தது. 'பஞ்சமர்' நாவலை எழுதியவர் தம் மாந்தரின் பெயர்களையும் ஏச்சுக்களையும் பகிடிகளையும் வீட்டிலிருந்தே எடுத்துக்கொண்டார்.