மலர்களில் காணாத ஆறாண்டுகள்

காயிதே மில்லத் முஹம்மது இஸ்மாயீல் சாஹிப் (ரஹ்) அவர்கள் பிறந்த ஜூன் 5ஆம் நாளையொட்டி மாதனூரில் சிறார்களுக்கு ஒரு பேச்சுப் போட்டி நடைபெற்றது. அதில் நடுவராக அமரும் வாய்ப்பு நமக்குக் கிட்டியது. பதினொருவர் பேசினர். பதினொருவரும் மஞ்சேரியைச் சொன்னார்கள். வேட்புமனு கொடுக்க ஒரு முறை, வென்றபின் நன்றி கூற ஒரு முறை, அவ்வளவே அவர் தொகுதிக்குச் சென்றது என்னும் செய்தி ஒரே சொற்களில், ஒரே ஏற்ற இறக்கத்தில் பதினொரு தடவை நம் செவியில் விழுந்தது. பிள்ளைகளைக் குறை கூற நமக்கு மனமில்லை. அவர்கள் மனனம் செய்தவை யாவும் ஆண்டுதோறும் நம்மவர் வெளியிடும் சிறப்பு மலர்களிலிருந்து எடுக்கப்பட்டவை. ஆதலால் இக்கட்டுரை அம்மலர்களைப் பற்றியது.

நம் கைவசமுள்ள மலர்களை ஒருசேர வைத்துப் படித்தோம். 1896இல் திருநெல்வேலிப் பேட்டையில் பிறப்பு, 1948 மார்ச் 10இல் சென்னையில் இந்திய யூனியன் முஸ்லிம் லீக் உருவான வரலாறு, 1962, 1967, 1971 ஆகிய மூன்று தேர்தல்களிலும் மஞ்சேரி வெற்றி, 1972 ஏப்ரல் 5இல் மறைவு, இறுதி ஊர்வலம். எளிமை பற்றிய நிகழ்ச்சிகள் ஏராளம். ஆனால், 1946 முதல் 1952 வரை அவர் சென்னை மாகாணச் சட்டசபையில் எதிர்க்கட்சித் தலைவராக இருந்தார் என்பதற்கு ஒரே ஒரு வாக்கியம். அந்த ஆறு ஆண்டுகளில் அவர் அங்கே என்ன பேசினார் என்பதற்கு அரை வாக்கியமும் இல்லை.

அவை எத்தகைய ஆண்டுகள் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். பிரகாசம், ஓமந்தூரார், குமாரசாமி ராஜா என மூன்று முதலமைச்சர்கள் மாறினர். 1947இல் ஆலயப் பிரவேசச் சட்டமும் தேவதாசி ஒழிப்புச் சட்டமும் வந்தன. 1948இல் ஜமீன் ஒழிப்புச் சட்டம் வந்தது. அதே ஆண்டில் பள்ளிகளில் இந்தி பற்றிய கிளர்ச்சி மூண்டது. அரசுப் பணிகளில் 14 இடங்களுக்கு ஓர் இடம் முஸ்லிம்களுக்கு என்று வகுத்த வகுப்புவாரி ஆணை நடைமுறையில் இருந்தது. கல்லூரிச் சேர்க்கையில் அம்முறை செல்லாது என 1951இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. நம் பிள்ளைகளின் சோற்றோடு தொடர்புடைய விவகாரம் இது. இவை ஒவ்வொன்றிலும் எதிர்க்கட்சி வரிசையின் முதல் ஆசனத்தில் இருந்தவர் எழுந்து என்ன சொன்னார்? சட்டசபை நடவடிக்கைகள் அச்சேறித் தொகுதிகளாக இருக்கின்றன. மலர்க் கட்டுரையாளர் எவரும் அவற்றைப் புரட்டியதற்கான அடையாளம் நமக்குத் தென்படவில்லை.

அறபு இலக்கியத்தில் மனாகிபு என்றொரு வகை உண்டு. பெரியோரின் சிறப்புகளை மட்டும் தொகுத்துரைப்பது. அதில் பிழையில்லை. ஆனால் நம் முன்னோர் அதனோடு நின்றுவிடவில்லை. ஹதீஸ் அறிவிப்பாளர்களைப் பற்றி எழுதும்போது, இவர் நினைவாற்றல் மிக்கவர், இவர் முதுமையில் தடுமாறினார், இவரது சொல்லை ஏற்கலாம், இவரதை ஏற்கலாகாது என்று தயவு தாட்சணியமின்றிப் பதிந்தனர். இமாம் தஹபீயின் ‘மீஸானுல் இஃதிதால்’ அப்படிப்பட்ட நூல். தமிழிலும் நிலைமை வேறல்ல. அரசனைப் புகழும் பாடாண் திணைக்குள்ளேயே அவன் செவியில் அறிவுரை சொல்லும் செவியறிவுறூஉ என்னும் துறையை வைத்தார்கள். இரு மொழியின் மரபையும் உரிமை கொண்டாடும் நாம், மலர் போடும்போது மட்டும் மனாகிபோடு முடித்துக்கொள்கிறோம்.

ஓர் எடுத்துக்காட்டு. 1949 செப்டம்பரில் அரசியல் நிர்ணய சபையில் மொழிப் பிரச்சினை விவாதிக்கப்பட்டபோது காயிதே மில்லத் தமிழின் தொன்மையை எடுத்துரைத்தார். எல்லா மலர்களிலும் இது இடம் பெறுகிறது. இடம் பெற வேண்டியதே. ஆனால் அவ்வாக்கியத்துக்கு முன்னே என்ன இருந்தது, பின்னே என்ன வந்தது, அந்த உரையில் அவர் கோரியது யாது என்று ஒரு மலரும் சொல்வதில்லை. ஓர் ஆயத்தை முன்பின் இன்றித் துண்டித்து ஓதிப் பொருள் சொல்பவனை மதரஸாவில் எழுப்பி நிறுத்துவோம்!

இன்னொன்று, சற்றுக் கசப்பானது. 1948 நவம்பர் 23இல், எந்தச் சமூகத்தாரும் தம் தனியார் சட்டத்தைக் கைவிடக் கட்டாயப்படுத்தப்படலாகாது என்று அதே சபையில் அவர் திருத்தம் கொண்டுவந்தார். திருத்தம் ஏற்கப்படவில்லை. இதை மலர்கள் பெருமையோடு குறிப்பிடும். ஆனால் 1949 மே மாதம் தனித்தொகுதி முறை நீடிக்க வேண்டும் என அவர் வாதாடியதையும், சர்தார் பட்டேல் அதைக் கடுமையாக மறுத்ததையும், பேகம் அய்ஜாஸ் ரசூல் போன்ற முஸ்லிம் உறுப்பினர்களே உடன்படாமல் நின்றதையும் ஏன் விட்டுவிட வேண்டும்? 1946இல் 215 இடங்கள் கொண்ட சட்டசபையில் லீக் பெற்ற 28 இடங்களும் முஸ்லிம்கள் மட்டும் வாக்களித்த தொகுதிகளின் பயன். வயது வந்தோர் அனைவருக்கும் வாக்குரிமை கிடைத்து, எல்லாரும் கூடி வாக்களித்த 1952 தேர்தலில் 375 இடங்களில் லீகுக்குக் கிடைத்தவை 5. இந்த வீழ்ச்சியைச் சொல்லாமல் அந்தத் தலைவரின் உறுதியை எப்படி விளக்குவது?

நம் கருத்தை ஒளிக்கவில்லை. தனித்தொகுதி நீடித்திருந்தால் நம்மவர் பிற சமூகத்தாரின் வாசலில் நின்று வாக்குக் கேட்கப் பழகியிருக்க மாட்டார்கள். அவர்களும் நம் வாசலுக்கு வந்திருக்க மாட்டார்கள். அவ்வகையில் அவர் கேட்டது கிடைக்காமற் போனது நன்றே என நாம் எண்ணுகிறோம். 1967இல் அண்ணா தலைமையில் அமைந்த கூட்டணியில் லீக் இடம் பெற்றதே அந்த மறுப்பின் பின்விளைவுதான். மாறாகக் கருதுவோர் உளர். அவர்கள் தாராளமாக எழுதட்டும். ஆனால் தம் கோரிக்கை தோற்ற பின்னரும் மனங்கசந்து ஒதுங்காமல், 1952இல் மாநிலங்களவைக்கும் பின்னர் மக்களவைக்கும் சென்று, அச்சட்டத்தின் வரம்புக்குள் நின்றே இறுதிவரை வாதாடினாரே, அந்த மனிதரை நாம் எல்லா வெற்றிக் கதைகளையும்விட உயர்வாக மதிக்கிறோம். மலர்கள் தோல்வியை மறைத்து, கூடவே அம்மனிதரையும் மறைத்துவிட்டன.

காயிதே மில்லத் தோல் வாணிபத்தில் ஈடுபட்டிருந்தவர் என்பது ஆம்பூர், பேரணாம்பட்டு, வாணியம்பாடிப் பக்கத்தார் விரும்பிச் சொல்லும் செய்தி. இங்கே தரம் பிரிப்பவர் தோலை ஒரு பக்கம் பார்த்து விலை சொல்வதில்லை. புரட்டுவார், வெளிச்சத்தில் பிடிப்பார், கீறலையும் உண்ணிக் கடித் தழும்பையும் விரலால் தடவிப் பார்ப்பார். அதன் பிறகுதான் முதல் தரம் என்பார்.

போட்டி முடிந்து பரிசு வழங்கியாயிற்று. நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருக்கையில், மூன்றாம் பரிசு பெற்ற சிறுவன் நம்மிடம் வந்து, “ஹஜ்ரத், எதிர்க்கட்சித் தலைவர்னா எதிர்த்துப் பேசணும்தானே? அவங்க எதை எதிர்த்துப் பேசினாங்க?” என்று கேட்டான். நம்மிடம் விடையில்லை. ஐம்பது வயது கடந்த பின் ஒரு சிறுவன்முன் அப்படி நின்றது நமக்கு வெட்கமாகவே இருந்தது. சென்னை நூலகங்களுக்கு அடிக்கடி சென்றுவரும் அன்பர் ஒருவரிடம், 1947, 1948 ஆம் ஆண்டுகளின் சட்டசபைத் தொகுதிகளில் பார்க்க வேண்டிய மசோதாக்களின் பெயர்களை எழுதிக் கொடுத்தனுப்பியிருக்கிறோம். அவர் கொண்டுவருவதை முதலில் அந்தச் சிறுவனுக்குப் படித்துக்காட்டுவதாக உத்தேசம்.