ரயில் இப்போது எங்கே?

திருவிடந்தைக்கு ரயில் கிடையாது. கிழக்குக் கடற்கரைச் சாலை உண்டு, பஸ் உண்டு, நித்ய கல்யாணப் பெருமாள் உண்டு. காலவ ரிஷியின் 360 பெண்களை நாளைக்கு ஒருவராகக் கல்யாணம் செய்துகொண்டதாக ஸ்தல புராணம். ஜாதகத்தில் கல்யாணம் தள்ளிப்போகிறவர்கள் இங்கே வந்து மாலை சாத்தி, அதையே வாங்கிக் கழுத்தில் போட்டுக்கொண்டு ஒன்பது சுற்று வந்து, மாலையை வீட்டுக்கு எடுத்துப்போவார்கள். கல்யாணமானதும் ஜோடியாக, காய்ந்த அந்த மாலையுடன் திரும்ப வரவேண்டும். கோயிலின் 'ஸ்டேட்டஸ் அப்டேட்' அதுதான்.

திருச்சியிலிருந்து ஒன்றுவிட்ட அக்கா, பெண்ணை அழைத்துக்கொண்டு இதற்காக வந்திருந்தாள். திரும்பிப் போக ராத்திரி ரயில், செங்கல்பட்டில் ஏறவேண்டும். திருவிடந்தையிலிருந்து மாமல்லபுரம், அங்கிருந்து திருக்கழுக்குன்றம் வழியாகச் செங்கல்பட்டு. செல்போனில் ஓர் ஆப்பைத் தட்டிப் பார்த்தேன் (எந்த ஆப் என்று கேட்காதீர்கள்). 'ரயில் இன்னும் தாம்பரம் தாண்டவில்லை, 35 நிமிஷம் லேட்' என்றது. சரி, அவசரமில்லை என்று மாமல்லபுரத்தில் நிதானமாக டிபன் சாப்பிட்டோம்.

செங்கல்பட்டில் படியேறி இறங்கும்போது ரயிலின் கடைசிப் பெட்டியின் சிவப்பு விளக்கைத்தான் தரிசித்தோம். ரயில் சரியான நேரத்துக்கு வந்து, சரியான நேரத்துக்குக் கிளம்பிவிட்டது. "ஏண்டா, உன் செல்போனை நம்பித்தானே இட்லி சாப்பிட்டோம்?" என்றாள் அக்கா. பெண், கழுத்து மாலை கசங்காமல் இருக்க அதைப் பையில் வைத்துக்கொண்டு ஒன்றும் பேசாமல் நின்றாள். சகுனம் பார்க்கிற குடும்பம்.

அப்புறம்தான் கவனித்தேன். திரையின் அடியில் எறும்பு சைஸில் 'கடைசித் தகவல்: 47 நிமிஷம் முன்' என்றிருந்தது. ரயில் தாம்பரம் தாண்டிய செய்தி எங்கேயோ சிக்கிக்கொண்டுவிட்டது. தகவல் வராததை ரயில் வராததாக ஆப் எடுத்துக்கொண்டு, நிமிஷத்துக்கு நிமிஷம் லேட்டைக் கூட்டிக்கொண்டே போயிருக்கிறது.

என் புகாரே இதுதான். இந்த ஆப்களுக்கு 'தெரியாது' என்று சொல்ல வராது.

ரயில் எங்கே என்பது உங்கள் போனுக்கு எப்படித் தெரிகிறது? பழைய முறையில், ரயில் ஸ்டேஷனைக் கடந்ததும் அந்த நேரம் கன்ட்ரோல் ஆபீசுக்குப் போய், அங்கே கம்ப்யூட்டரில் ஏறி, ரயில்வேயின் 'கிரிஸ்' நிறுவனம் நடத்தும் என்.டி.இ.எஸ். மூலம் நமக்கு வரும். இரண்டு ஸ்டேஷன்களுக்கு நடுவே ரயில் எங்கே என்பது ஊகம். இப்போது இஸ்ரோவுடன் சேர்ந்து இன்ஜின்களில் கருவி பொருத்தியிருக்கிறார்கள். செயற்கைக்கோள் உதவியுடன் 30 விநாடிக்கு ஒரு முறை இருப்பிடத்தை அனுப்பும். நல்ல காரியம்.

பெங்களூரில் சிக்மாய்ட் லேப்ஸ் செய்த 'வேர் இஸ் மை ட்ரெயின்' ஆப்பை 2018-ல் கூகுள் வாங்கியது. இன்டர்நெட், ஜி.பி.எஸ். இரண்டும் இல்லாமல், செல்போன் கோபுரங்களை வைத்தே இடம் சொல்லும். கெட்டிக்காரத்தனமான யோசனை. அர்த்த ராத்திரியில் மேல் பர்த்தில் படுத்தபடி, இறங்கவேண்டிய ஊர் எவ்வளவு தூரம் என்று பார்க்க இதைவிட நல்லது இல்லை. ஆனால், அந்த வித்தை பலிப்பது நீங்கள் ரயிலுக்குள் இருக்கும்போது. ரயிலுக்கு வெளியே பஸ்ஸில் தவிக்கிற அக்காக்களுக்கு நெட் வேண்டும், நெட்டில் வருகிற தகவல் புதுசாகவும் இருக்கவேண்டும்.

லோக்கல் ரயில் சமாசாரம் வேறு. கடற்கரை-தாம்பரம் மின்சார ரயில் ஓடத் தொடங்கியது 1931-ல். மும்பையில் மத்திய ரயில்வே 2022-ல் லோக்கல் ரயில்களில் ஜி.பி.எஸ். வைத்து 'யாத்ரி' ஆப்பில் நேரலையாகக் காட்ட ஆரம்பித்தது. செங்கல்பட்டிலிருந்து தினம் சென்னைக்கு வேலைக்குப் போகிறவருக்கும் அதே மரியாதை வேண்டாமா? எக்ஸ்பிரஸ்காரருக்கு வருஷத்தில் நாலு நாள் கவலை. இவருக்குத் தினம் இரண்டு வேளை.

அமெரிக்காவில் சியாட்டில் நகரத்தில் பஸ் பயணிகளை ஆராய்ந்தார்கள் (2011). வரும் நேரம் தெரியாமல் காத்திருப்பவர்களுக்கு, காத்திருந்த நேரம் உள்ளதைவிட அதிகமாகத் தோன்றியது. போனில் பார்த்துத் தெரிந்துகொண்டவர்களுக்கு அப்படித் தோன்றவில்லை. டாக்டர் வருவாரா மாட்டாரா என்று கிளினிக்கில் உட்கார்ந்த எவருக்கும் இது புரியும்.

2025-ல் இரண்டு புது வரவுகள். ரயில்வேயின் 'ரயில்ஒன்', டிக்கெட், விசாரணை, சாப்பாடு எல்லாம் ஒரே இடத்தில். தமிழக அரசின் 'சென்னை ஒன்', பஸ், மெட்ரோ, மின்சார ரயில் மூன்றுக்கும் ஒரே க்யூ.ஆர். டிக்கெட். இரண்டாவதன் பின்னால் உள்ள யோசனை எனக்குப் பிடிக்கிறது. பயணம் என்பது ரயிலில் ஏறி இறங்குவது மட்டுமல்ல என்பதை யாரோ புரிந்துகொண்டிருக்கிறார்கள். திருவிடந்தை ஸ்டாப்பில் நிற்பவருக்கு ரயில் 10 நிமிஷம் லேட் என்பதைவிட, இந்த பஸ்ஸை விட்டால் அந்த ரயில் கிடைக்குமா என்பதுதான் கேள்வி. அதைச் சொல்ல, மாநகர பஸ், மாவட்ட பஸ், ரயில் மூன்றின் தகவலும் ஒன்றோடொன்று பேசவேண்டும். கூடவே, கடைசித் தகவல் எத்தனை நிமிஷம் பழசு என்பதைப் பெரிய எழுத்தில், தமிழில் போடுங்கள். பத்து நிமிஷத்துக்கு மேல் பழசானால் திரையைச் சாம்பல் நிறமாக்கிவிடுங்கள். எழுதத் தெரிந்த பையனுக்கு ஒரு மத்தியான வேலை.

அன்றைக்கு அடுத்த ரயிலில், ரிசர்வேஷன் இல்லாத பெட்டியில், இருவரையும் ஏற்றிவிட்டு வீடு திரும்பினேன். ராத்திரி பதினொன்றரைக்கு ஆப் கூப்பிட்டது: 'உங்கள் ரயில் செங்கல்பட்டை நெருங்குகிறது.'

எட்டாம் மாதம் பெண்ணுக்குக் கல்யாணம் ஆயிற்று. மாப்பிள்ளையும் பெண்ணும் காய்ந்த மாலையுடன் திருவிடந்தை போனார்கள். திருச்சியிலிருந்து, வாடகைக் காரில்.