கமராவும் அமானிதமும்

நமது இலக்கியச் சஞ்சிகைகள் கவிதைக்கும் சிறுகதைக்கும் விமர்சனம் எழுதி ஓய்ந்ததில்லை. ஒரு கவிதையில் ஒரு சொல் பிசகினால் மூன்று இதழ்களுக்கு விவாதம் நீளும். அதே இதழின் அட்டையில் வந்த புகைப்படத்தைப் பற்றி எவரும் ஒரு வரி எழுதுவதில்லை. எடுத்தவர் யார், எங்கே எடுத்தது, படத்தில் இருப்பவர் யார் என்ற விபரங்களுக்குப் பதிலாக "நன்றி: இணையம்" என்ற இரண்டு சொற்களோடு காரியம் முடிந்துவிடுகிறது. புகைப்படம் நமக்கு இன்னமும் எழுத்துக்குக் கட்டும் தோரணமாகவே இருந்து வருகிறது.

புத்தளம் மாவட்டத்துக் கிராமப் பாடசாலையொன்றில் கற்பிக்கும் நான், சில மாதங்களாகச் சனிக்கிழமைகளில் கொழும்புக்கு வந்து, கொட்டாஞ்சேனையில் ஒரு மேல்மாடி அறையில் நடக்கும் ஆரம்பப் புகைப்பட வகுப்பில் மாணவனாக அமர்ந்து வருகிறேன். இரவுத் தங்கல் வெள்ளவத்தையில், ராத்தா வீட்டில். ஞாயிறு காலையில் அங்குள்ள கடற்கரையில் பயிற்சி. வகுப்பில் மூன்று அடிப்படைப் பாடங்கள்: படத்தின் கட்டமைவு, ஒளியளவு, ஷட்டர் வேகம். இவை கற்பிக்கப்படும் முறையைப் பற்றியதே இக்கட்டுரை. மூன்றும் வெறும் கைநுட்பங்களாகவே சொல்லித் தரப்படுகின்றன. ஆனால் ஒவ்வொன்றும் எதிரில் நிற்கும் மனிதரைப் பற்றி நாம் எடுக்கும் ஒரு தீர்மானம் என்பதே எனது வாதம்.

முதலில் நமது மேடைகளில் அடிக்கடி கேட்கும் ஒரு பெருமையைச் சரிசெய்து கொள்வது நல்லது. கமராவைக் கண்டுபிடித்தவர் இப்னுல் ஹைதம் என்றும், "கமரா" என்ற சொல்லே அரபியில் இருந்து பிறந்தது என்றும் பேசுகிறோம். அச்சொல் லத்தீன் மொழிக்குரியது. வளைகூரை அறை என்பது அதன் பொருள். பஸராவில் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்து, 11ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் "கிதாபுல் மனாழிர்" எழுதிய அந்த மேதை செய்தது இதைவிடப் பெரியது. கண்ணிலிருந்து கதிர் புறப்பட்டுப் பொருளைத் தொடுகிறது என்ற பழைய கொள்கையை மறுத்து, பொருளிலிருந்து வரும் ஒளியே கண்ணை அடைகிறது என நிறுவினார். சூரிய கிரகணத்தின் பிறை வடிவம் சிறு துவாரத்தினூடாக எவ்வாறு விழுகிறது என ஆராய்ந்தார். பால்மாப் பேணியில் ஊசியால் துளையிட்டு, மறுபுறம் எண்ணெய்க் கடதாசி ஒட்டி, நாம் மாணவருக்குச் செய்து காட்டும் ஊசித்துளைக் கமராவின் தத்துவம் அதுதான். பார்ப்பவனின் கண் பொருளை ஆள்வதில்லை, பொருளே ஒளியைத் தருகிறது என்ற அந்தப் பணிவு ஒரு புகைப்பட மாணவனுக்கு முதற்பாடமாக வேண்டும். வகுப்புக் குறிப்புகளில் அது இல்லை.

ஒளியளவுப் பாடத்துக்கு வருவோம். நல்ல வெயிலில் ஐ.எஸ்.ஓ 100 என வைத்தால், துவாரம் எஃப் 16, ஷட்டர் 1/125 செக்கன். துவாரத்தை எஃப் 8 வரை திறந்தால் நான்கு மடங்கு ஒளி வரும். ஆகவே ஷட்டரை 1/500 ஆக்க வேண்டும். வாளியில் தண்ணீர் பிடிப்பது போன்ற கணக்கு இது. குழாயை அகலத் திறந்தால் சிறிது நேரம் போதும். ஒடுக்கினால் அதிக நேரம் வேண்டும். இதுவரை எவரும் விளங்கிக்கொள்ளலாம். சிக்கல் கமராவுக்குள் இருக்கும் ஒளிமானியில்தான் தொடங்குகிறது. எதைக் காட்டினாலும் அது நடுத்தரச் சாம்பல் நிறம் என்றே எண்ணிக்கொள்ளும். காலி முகத்திடலில் பெருநாள் தொழுகைக்கு வெள்ளை ஜுப்பாக்களோடு வரிசையாக நிற்கும் ஜமாஅத்தைப் படமெடுத்தால் அது வெண்மையைக் குறைத்து அழுக்கு நிறமாக்கிவிடும். ஒன்று அல்லது ஒன்றரைப் படி ஒளியைக் கூட்டவேண்டும். கறுப்பு அபாயா அணிந்த ஒரு தாயைக் கிட்ட நின்று எடுத்தால், கறுப்பைச் சாம்பலாக்க முயன்று முகத்தை வெளிறச் செய்துவிடும். ஒரு படி குறைக்கவேண்டும். நாங்கள் பயன்படுத்திய குறிப்பேட்டில் இந்த உதாரணம் ஏதும் இல்லை. பனிமலையும் பொன்னிறக் கூந்தலுமே உதாரணங்கள். கொட்டாஞ்சேனைச் சந்தியில் நிற்கும் மாணவனுக்குப் பனியை அளக்கக் கற்றுத் தருவதில் என்ன பயன்?

இது அலட்சியம் மட்டுமல்ல, இதற்கு ஒரு வரலாறும் உண்டு. கொடாக் நிறுவனம் வர்ணப் பிரதிகளைச் சரிபார்க்க 1950களிலிருந்து அனுப்பிவந்த அட்டையில் இருந்தவர் ஒரு வெள்ளைப் பெண். "ஷேர்லி அட்டை" என்று அதற்குப் பெயர். அவரது தோல் சரியாக வந்தால் படம் சரி. கறுத்த முகங்கள் பற்களும் கண்களும் மட்டும் தெரிய இருண்டு போயின. பிற்காலத்தில் பிலிம் திருந்தியதற்கு, சொக்லட்டின் நிறமும் மரத்தளபாடங்களின் நிறமும் சரியாக வரவில்லை என்ற வியாபாரிகளின் முறைப்பாடும் ஒரு காரணம் என ஆய்வாளர் லோர்னா ரோத் எழுதியுள்ளார். மனிதரின் முகத்துக்காகத் திருந்தாதது மரத்துக்காகத் திருந்தியது. ஒளியளவு என்பது வெறும் கணக்கு என நினைப்பவர்கள் இதைச் சற்று எண்ணிப் பார்க்கவேண்டும்.

ஷட்டர் வேகத்தை விளக்க வெள்ளவத்தைக் கரையோரப் புகையிரதப் பாதையைவிடச் சிறந்த இடம் இல்லை. மணிக்கு 40 கிலோமீற்றர் வேகத்தில் வரும் புகையிரதம் ஒரு செக்கனில் 11 மீற்றர் நகரும். 1/30 செக்கனில் அது 37 சென்ரிமீற்றர் கடந்துவிடும். படத்தில் மிதிபலகையில் தொங்கி வருபவரின் முகம் புகையாக இழுபடும். 1/500 செக்கனில் நகர்வு இரண்டு சென்ரிமீற்றர் சொச்சம்தான், முகம் கிடைக்கும். கடல் அலைக்கும் இதே கணக்குத்தான். ஷட்டர் என்றால் நமக்குக் கடையின் இரும்புக் கதவு. எவ்வளவு நேரம் கடை திறந்திருக்கிறதோ அவ்வளவு நேரம் யாரும் உள்ளே வரலாம்.

ஆனால் யார் வரமுடிகிறது? 1838இல் டாகர் பாரிஸ் வீதியொன்றைத் தன் ஜன்னலிலிருந்து படமெடுத்தார். பல நிமிடங்கள் வில்லை திறந்திருந்தது. வண்டிகளும் மனிதரும் நிறைந்த அந்த வீதி படத்தில் வெறிச்சோடிக் கிடக்கிறது. சப்பாத்துத் துடைத்துக்கொள்ள ஓரிடத்தில் நின்ற ஒருவரும் துடைத்தவரும் மட்டுமே பதிந்தார்கள். நகர்ந்தவர்கள் எல்லோரும் மறைந்துபோனார்கள். இன்னோர் உதாரணம் நம் நாட்டிலேயே உண்டு. ஜூலியா மார்கரெட் கமரூன் 1875இல் இலங்கைக்கு வந்து, 1879இல் இங்கேயே இறந்தவர். இங்கிலாந்தில் அவர் எடுத்த படங்களுக்கு டெனிசன், ஹேர்ஷல், டார்வின் எனப் பெயர்கள் இருக்கின்றன. இங்கே எடுத்த ஒரு படத்தின் தலைப்பு களுத்துறைக் குடியானவர்கள் என்பதே. அந்தக் காலத்துக் கண்ணாடித் தகட்டின் முன்னால் அசையாமல் நிற்பதற்கு இவர்களும் டார்வினைப் போலவே பாடுபட்டிருப்பார்கள். அவருக்குப் பெயர் மிஞ்சியது; இவர்களுக்குத் தொழில் மட்டும் மிஞ்சியது.

கட்டமைவுப் பாடம் இன்று கைத்தொலைபேசித் திரையிலேயே கட்டங்களாக வந்துவிடுகிறது. சட்டத்தை மூன்றாகப் பிரித்து, முக்கியமானதைக் கோடுகள் சந்திக்கும் இடத்தில் வை என்பார்கள். கட்டமைவின் உச்சத்தைக் காண விரும்புவோர் லயனல் வென்ட்டின் படங்களைப் பார்க்கவேண்டும். 1900 முதல் 1944 வரை வாழ்ந்த இவர் பறங்கியர் சமூகத்தவர். சட்டமும் பியானோவும் கற்றவர். 43 குழுவை உருவாக்கியவர்களுள் ஒருவர். கறுவாத்தோட்டத்தில் அவரது பெயரில் உள்ள அரங்கை அறிந்த நம்மவர்களில் பலர், அவரது மறைவின் பின் 1950இல் லண்டனில் வெளிவந்த படநூலை அறியமாட்டார்கள். பக்கவாட்டு ஒளியில் மீனவரின் முதுகு, ஓலை, கயிறு, மணல் என ஒவ்வொன்றின் தன்மையையும் தனித்தனியே உணர்த்துகிறார். கறுத்த தோல் அவரது படங்களில் சேறாகிப் போவதில்லை. கருமைக்குள் எத்தனை படிகள் உண்டோ அத்தனையும் தெரிகின்றன. மேலே சொன்ன ஷேர்லி அட்டைக்கு முன்பே வந்த பதில் அது. 2017இல் ஜேர்மனியின் டொகுமென்டா கண்காட்சியில் அவரது படங்கள் இடம்பெற்றது வியப்பல்ல.

எனினும் ஒரு கேள்வி எஞ்சுகிறது. அந்த உழைப்பாளிகளின் பெயர்கள் பெரும்பாலும் நமக்குக் கிடைப்பதில்லை. உடல் சிலையாகி அழகு பெறும் இடத்தில் ஆள் மறைந்துவிடுகிறார். வென்ட்டின் நண்பரான பாப்லோ நெரூதா, 1929 அளவில் சிலி நாட்டின் கொன்சலாக இங்கு வந்து வெள்ளவத்தைக் கடலோரம் வாழ்ந்தவர். அவர் இறந்த பின் 1974இல் வெளிவந்த நினைவுநூலில், தன் வீட்டு மலக்கூடத்தைச் சுத்தம் செய்ய வந்த ஒரு தமிழ்ப் பெண்ணைத் தான் பலவந்தப்படுத்தியதை அவரே எழுதியிருக்கிறார். அங்கும் அப்பெண் சிலைக்கே ஒப்பிடப்படுகிறாள். அங்கும் பெயர் இல்லை. அசோக ஹந்தகமவின் "அல்போராடா" திரைப்படம் 2021இல் அச்சம்பவத்தை எடுத்துக்கொண்டது. வென்ட்டை இந்தக் குற்றத்தோடு சேர்த்துப் பேசுவது அநியாயம். மனிதரைச் சிலையாகப் பார்க்கும் கண் எங்கே வரை போகலாம் என்பதற்காகவே இதைச் சொல்கிறேன். கட்டமைவைக் கற்பிப்பவர் இந்த எல்லையையும் சேர்த்துக் கற்பிக்கவேண்டும்.

சட்டத்துக்குள் யாரை நிறுத்துவது என்பது நமக்கு வெறும் ரசனைப் பிரச்சினையாக இல்லை. எங்கள் வகுப்பு நடக்கும் அதே கொட்டாஞ்சேனையின் கொச்சிக்கடை அந்தோனியார் ஆலயத்தில், 2019 ஏப்ரல் 21ஆம் திகதி, தொழச் சென்றவர்கள் கொல்லப்பட்டார்கள். நான்கு நாட்களின் பின் பொலிஸார் சந்தேக நபர்களின் படங்களை வெளியிட்டபோது, அமெரிக்காவில் கற்றுக்கொண்டிருந்த, இலங்கை வம்சாவளி முஸ்லிம் மாணவி ஒருவரின் படமும் அதில் சேர்ந்துவிட்டது. பின்னர் தவறு என அறிவிக்கப்பட்டது. அந்தப் படத்தில் கட்டமைவும் ஒளியும் சரியாகவே இருந்தன. கீழே எழுதிய பெயர்தான் பிழை. ஒரு முக்காடு இன்னொரு முக்காடாகத் தெரிந்த கண்ணுக்கு எந்த வில்லையும் உதவாது.

மறுபுறத்தில், படமே இல்லாமல் போன கதையும் நம்மிடம் உண்டு. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்கள் 70,000க்கும் அதிகம். யாழ்ப்பாணத்தில் கிடைத்த அவகாசம் இரண்டு மணித்தியாலம். அல்பத்தை யார் நினைப்பார்? எனது வகுப்பில் அக்குடும்பங்களின் பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள். பாட்டனாரின் படம் ஒன்று கொண்டுவாருங்கள் என்றால், சில பிள்ளைகள் அடையாள அட்டையிலிருந்து பெருப்பித்த மங்கல் பிரதியைக் கொண்டுவருவார்கள். சிலர் ஒன்றும் கொண்டுவருவதில்லை. டாகரின் வீதியில் நகர்ந்தவர்கள் பதியாமல் போனதைப் படித்தபோது எனக்கு இந்தப் பிள்ளைகளே நினைவில் நின்றார்கள்.

புகைப்படம் ஆகுமா ஆகாதா என்ற விவாதம் நம் ஊர்களில் இன்னும் முடியவில்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எகிப்தின் முப்தியாக இருந்த முஹம்மத் பகீத் அல்முதீஈ, அது படைப்பு அல்ல, நிழலைத் தடுத்து வைப்பதே என வாதிட்டு ஆகும் என்றார். மாற்றுக் கருத்துடையோரும் உள்ளனர். அத்தீர்ப்பு ஆலிம்களின் வேலை. ஓர் ஆசிரியனாக எனக்குத் தோன்றுவது இதுதான்: நிழலைத் தடுத்து வைத்தாலும் அது இன்னொருவருடைய நிழல். எவரிடமிருந்தோ வாங்கி வைத்த அமானிதம். அவரது நிறத்தைக் குறைக்காமல், அவரது பெயரை இழக்காமல், அவர் அல்லாத ஒன்றாகக் காட்டாமல் திருப்பிக் கொடுக்கும் கடமை எடுத்தவருக்கும் அச்சிடுபவருக்கும் உண்டு.

ஆகவே நமது சஞ்சிகைகளுக்கு மூன்று வேண்டுகோள்கள். அச்சிடும் ஒவ்வொரு படத்துக்கும் எடுத்தவர், இடம், ஆண்டு, படத்தில் இருப்பவர் விரும்பினால் அவரது பெயர் ஆகியவற்றைப் போடுங்கள். ஓர் இதழுக்கு ஒரு படத்தையாவது, கவிதையை விமர்சிப்பது போல எடுத்துப் பேசுங்கள். வெயிலையும் ஜுப்பாவையும் அபாயாவையும் உதாரணமாகக் கொண்ட ஒரு சிறு புகைப்படப் பாடநூலைத் தமிழில் எழுத யாரேனும் முன்வந்தால் அதை வெளியிட உதவுங்கள். எழுத்தில் ஒரு சொல்லுக்கு நாம் கேட்கும் கணக்கை ஒரு முகத்துக்கும் கேட்டாலே போதும்.